நீர்நாயின் கையில் ஓர் எலும்பு குறைகிறது

சேசு மரி சூசை துணை

மூங்கில்மேடு எஸ்டேட்,
மஞ்சூர், நீலகிரி.
8 பிப்ரவரி 1931, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சி பியாட்ரிசுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். இருந்தும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று ஏறுகிறது, ஒன்று சரிகிறது. கெத்தைச் சரிவில் ஆடு இறங்குவது போல இருக்கிறது என்று லோயிஸ் டீச்சர் சொன்னார்கள். பேனாவை நான் தோலுரிக்கும் கத்தி போலப் பிடிக்கிறேனாம். நாற்பது வருடம் கத்தி பிடித்த கை வேறு எப்படிப் பிடிக்கும்?

ஆமாம், இதை எழுதுவது நானேதான். உன் அண்ணன் சில்வஸ்டர். ஆபீஸ் ரைட்டர் கருணாகரன் எழுதவில்லை, கோயில் உபதேசியார் எழுதவில்லை. அறுபத்தாறு வயதில் நானே எழுதுகிறேன். மேலே உள்ள பத்து வரிக்கு நேற்று மத்தியானம் முழுவதும் ஆயிற்று. விரல் மரத்துவிட்டது. ஆனாலும் எழுந்து எழுந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நான் வாயைத் திறக்காமலே பேசியது அதில் இருக்கிறது!

எப்படிக் கற்றேன் என்று கேட்பாய். இரண்டு வருடத்துக்கு முன் மெல்வின் துரை சீமைக்குப் போனார். நான் உரித்து, வேகவைத்து, சுரண்டி, கம்பியில் கோத்த எலும்புகளையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனார். கருணாகரன் தமிழில் பெயர் எழுதிக் கட்டியிருந்த அட்டைகளை அறுத்துவிட்டு இங்கிலீஷ் அட்டைகளைக் கட்டச் சொன்னார். பழைய அட்டைகள் அடுப்புக்கு என்றார். எனக்கு மனசு வரவில்லை. முந்நூறு அட்டைகள், ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எந்த அட்டை எந்த எலும்பில் தொங்கியது என்று அதன் கறையையும் நூலையும் பார்த்தே சொல்வேன். ஆகவே சொல் எனக்கு முன்பே தெரியும், எழுத்துதான் தெரியாது. மரநாய் அட்டையையும் நீர்நாய் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பின்பாதி ஒன்றாக இருந்தது. அப்படியென்றால் அதுதான் ‘நாய்’! அன்று கஞ்சி குடிக்க மறந்துவிட்டேன்.

பிறகு புராட்டஸ்டண்ட் மிஷனில் லோயிஸ் டீச்சர் ஞாயிறு மத்தியானம் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். “ஏனுங்க டீச்சர், நான் ரோமன் கத்தோலிக்குங்க. சேத்துக்குவீங்களா?” என்றேன். “ஆனா ஆவன்னாவுக்கு ஏதுங்க வேதம்? உக்காருங்க” என்றார்கள். காலையில் நம் கோயில், மத்தியானம் அவர்கள் பெஞ்சு. நம் சாமியாருக்கு இன்னும் தெரியாது. நீயும் எழுதிவிடாதே.

இப்போது ஒரு வேடிக்கை கேள். துரை ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுப் போனார். நீர்நாயின் வலது கை. அதில் ஒரு விரலெலும்பு குறைகிறது, முழுமை இல்லாதது வேண்டாம் என்றார். அந்த எலும்பை நான் தேடாத இடமில்லை. வேகவைத்த தண்ணீரை வடிகட்டினேன், சாம்பலைச் சலித்தேன். எலிதான் தூக்கியிருக்கும். அந்தக் கையின் அட்டையில் ‘நீர்நாய்’ என்று இருக்கும் என்று போன மாதம் எழுத்துக் கூட்டினேன். இல்லை! கருணாகரன் எழுத்தும் இல்லை. ‘எனக்குப் பெரியப்பா மகன். ஜஸ்டஸ்’ என்று இருந்தது!

தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நினைவிருக்கிறதா? இருபது வருடம் எலும்பு வேகவைத்தவன் நான், எனக்குத் தோன்றாதது உன் பையனுக்குப் பத்து வயதில் தோன்றியது. வௌவால் இறக்கை, நீர்நாய்க் கை, கருமந்திக் கை மூன்றையும் தரையில் பரப்பித் தன் கையை நடுவில் வைத்து, “மாமா, இதெல்லாம் ஒரே கைதானுங்க. மேல ஒண்ணு, கீழ ரெண்டு, அப்புறம் பொடி, அப்புறம் அஞ்சு” என்றான். பறப்பதற்கு நீட்டியிருக்கிறது, நீந்துவதற்கு அகட்டியிருக்கிறது, கை ஒன்றுதான். துரையிடம் சொன்னேன். அவர் சீமையில் பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்வதும் இதுதான் என்றார்.

அதனால் வந்த சண்டையை நான் மறக்கவில்லை. உன் பழைய கடிதத்தில் நீ என்ன திட்டியிருந்தாலும் அதை விட்டுவிடுவோம். நமக்கும் வயதாகிவிட்டது.

ஒரு கேள்வி. இங்கே புதுக்காடு கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் நீளத்தில் ஒரு பாம்பு வருகிறது. வால் நுனி வெட்டிவிட்டது போல இருக்கும். மொட்டைவால் என்கிறோம். சாதுவான பிராணி. வெயில் பட்டால் சுருண்டுவிடும். உங்கள் தோட்டத்திலும் அது உண்டா? ஜஸ்டஸிடம் கேட்டுச் சொல். அவனுக்கு இப்போது இருபத்துநாலு நடக்கும். கல்யாணம் ஆயிற்றா?

இப்படிக்கு,
உன் அண்ணன்
சில்வஸ்டர் (இதுவும் நானே போட்டது)

*

வெள்ளைமலைத் தோட்டம்,
அப்புத்தளை, இலங்கை.
21 பிப்ரவரி 1931

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதக் கற்றுக்கொண்டதில் உங்களுக்கு மிகுந்த சந்தோஷம் என்று தெரிகிறது.

ஜஸ்டஸிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறீர்கள். அவன் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள சரிவில் படுத்திருக்கிறான். வருகிற ஜூனில் பதினொரு வருடம் ஆகிறது. அவன் காய்ச்சலில் கிடந்தபோது உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை நீங்கள் ‘பழைய கடிதம்’ என்கிறீர்கள். அதில் என்ன திட்டியிருந்தாலும் விட்டுவிடலாம் என்கிறீர்கள்.

அதில் ஒரு திட்டும் இல்லை. அதைப் படித்துக் காட்ட ஆள் கிடைக்கவில்லையா, அல்லது கேட்டுவிட்டு மறந்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டிருந்த வரியை மட்டும் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. இனி எழுத வேண்டாம்.

பியாட்ரிஸ்

*

சேசு மரி சூசை துணை

மூங்கில்மேடு எஸ்டேட்,
15 மார்ச் 1931, ஞாயிறு

பியாட்ரிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி. நான் செய்ததை நீ செய்ததாக இருக்கும்.

உன் கடிதத்தை நான் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. பதினொரு வருடமாக அது உறையோடு என்னிடம் இருந்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை.

அது வந்த நாள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ஆபீஸ் வராந்தாவில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கடிதத்தையும் கருணாகரன்தான் உரக்கப் படிப்பான், சுற்றி இருபது பேர் நின்று கேட்பார்கள். உறையைத் தூக்கிப் பிடித்து, “குடுங்க சில்வஸ்டரண்ணா, தங்கச்சி என்னன்னு வையுதுன்னு பாக்கலாம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நீ போன அன்று சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. ஜஸ்டஸ் ஞானோபதேச வகுப்பில் சட்டைப் பையிலிருந்து கருமந்திக் கையை எடுத்துச் சாமியார் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தான். “சாமி, உங்களுக்கும் இதேதானுங்க, எண்ணிப் பாருங்க” என்றான். அவனுக்குப் புதுநன்மை இல்லை, முதல் நற்கருணைக்குப் பீடத்தின் பக்கம் வரக்கூடாது என்றார்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் உன் டீச்சர் வேலையும் போயிற்று. தாலி அறுத்து என் வீட்டுக்கு வந்தவளுக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது. சாமியார் காலில் விழுந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி நீ என்னைக் கெஞ்சினாய். நான் சிரித்தேன். “பையன் சொன்னது நெசந்தானே” என்றேன். “உங்க எலும்பையே கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு அண்ணனே இல்லை” என்றாய். கூடலூர் வண்டி ஏறவில்லை, கோயமுத்தூர் வண்டி ஏறவில்லை, கடலே தாண்டிவிட்டாய்.

அந்த வார்த்தையைத்தான் மையில் எழுதி அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். அதை உன் வாயால் கேட்டதைத் தாங்கினேன். கருணாகரன் வாயால், இருபது பேர் நடுவில் கேட்க முடியாது என்று தோன்றியது. உபதேசியாரிடம் கொடுத்தால் சாமியாருக்குப் போகும். யாரிடமும் கொடுக்காமல் பெட்டியில் போட்டேன். திட்டு ஆறட்டும் என்று நினைத்தேன். நீயும் பிறகு எழுதவில்லை. அப்படியானால் நான் நினைத்தது சரிதான் என்று இருந்துவிட்டேன். எழுத்துக் கற்ற பிறகும் அதைப் பிரிக்கப் பயமாகத்தான் இருந்தது. முதலில் நல்லபடியாக ஒரு கடிதம் போடுவோம், நீ நல்லபடியாகப் பதில் போட்டதும் பிரிப்போம் என்று வைத்திருந்தேன்.

உன் பதில் வந்த அன்று பிரித்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மூன்று நாள் ஆயிற்று. ‘காய்ச்சல்’ என்ற சொல்லுக்கே எவ்வளவு நேரம்! முடிவு எனக்குத் தெரியும், பியாட்ரிஸ். உன் பதிலில் படித்துவிட்டுத்தான் அதைப் பிரித்தேன். இருந்தும் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லில் தேறிவிடுவான் என்று நினைத்தேன். ‘இன்று கொஞ்சம் கஞ்சி’ என்று கூட்டினேன். ஆஹா, குடித்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அடுத்த சொல் ‘கொடுத்தேன்’. அதற்கடுத்தது ‘தங்கவில்லை’.

‘நடந்ததை மறந்துவிடுங்கள், அண்ணா. அவன் உங்களையே கேட்கிறான். வர முடியாவிட்டால் ஒரு வரி போடச் சொல்லுங்கள், அது போதும்’ என்று எழுதியிருந்தாய்.

கீழே பென்சிலில் அவன் எழுதியிருந்ததை உனக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படியே எழுதுகிறேன். ‘மாமா, இங்கேயும் மண்ணுக்குள் மொட்டைவால் இருக்கிறது. வால் இப்படி இருக்கிறது.’ பக்கத்தில் படம் போட்டிருக்கிறான். ‘நம்ம ஊர் மொட்டைவாலுக்கு இது என்ன முறை? அதற்கு நீந்தத் தெரியாதே, எப்படிக் கடல் தாண்டியது?’

போன கடிதத்தில் நான் அவனிடம் கேட்கச் சொன்ன கேள்வியும் இதுதான். அவன் கேட்டது என் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவனைக் கேட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு எனக்குத் தகுதி இல்லை. அவன் எப்படிப் போனான் என்று மட்டும் சொல்வாயா?

சில்வஸ்டர்

*

வெள்ளைமலைத் தோட்டம்,
29 மார்ச் 1931, குருத்து ஞாயிறு

அண்ணா,

கோயிலிலிருந்து வந்ததும் எழுத உட்கார்ந்தேன். குருத்தோலையில் சிலுவை பின்னும் பிள்ளைகளின் கைகளைப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். பார்த்துவிடுவேன்.

நீங்கள் பிரிக்கவில்லை என்று படித்ததும் எனக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. கேட்டுவிட்டுக் கல்லாக இருந்தீர்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்தேன். கல்லை வெறுப்பது சுலபம். நான்கு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் ஒரு கடிதத்தைச் சட்டைக்குள் ஒளித்த மனிதரை நான் என்ன செய்வது?

கேட்டீர்கள், சொல்கிறேன். முப்பத்தொரு நாள் காய்ச்சல். டிஸ்பென்சரிக்காரர் இரண்டு முறை வந்தார். கடைசி இரண்டு வாரமும் தபால்காரர் வரும் நேரம் அவனுக்குத் தெரிந்துவிடும். கண்ணைத் திறந்து வாசலைப் பார்ப்பான். நான் உங்களைக் கரித்துக்கொட்டுவேன். அவன் என்னைத் தேற்றுவான். “மாமனுக்குப் படிக்கத் தெரியாதில்லம்மா? யாராச்சும் படிச்சுச் சொல்லோணும். அப்புறம் யாராச்சும் எழுதோணும். நாளாவும்” என்பான். இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவன் பேச்சு மட்டும் மாறவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அதற்காகக் கேலி செய்வார்கள்.

நீங்கள் பதில் போட்டிருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். பதில் வந்த பிறகு போயிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் சின்னது என்று நினைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவனைக் குளிப்பாட்டும்போது வலது கை மூடியிருந்தது. விரித்துப் பார்த்தேன், ஒரு சின்ன எலும்பு. அவரை விதையைவிடக் கொஞ்சம் நீளம், நடுவில் இடுப்பு போல ஒடுங்கி, பிடித்துப் பிடித்துப் பளபளவென்று ஆகியிருந்தது. அங்கிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். அது எந்தப் பிராணியுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் எலும்புகளால்தான் நாங்கள் ஊரைவிட்டு வந்தோம் என்று அதை வீசி எறியப் போனேன். கை வரவில்லை. திரும்ப அவன் கையிலேயே வைத்து மூடி, ஜெபமாலையால் சுற்றிக் கட்டினேன். சாமியார் பார்க்கவில்லை.

பியாட்ரிஸ்

*

மூங்கில்மேடு எஸ்டேட்,
12 ஏப்ரல் 1931

பியாட்ரிஸ்,

அது நீர்நாயின் எலும்பு. வலது கை, நடுவிரலுக்கு அடுத்த விரலின் நடு எலும்பு. எலி தூக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் சாம்பலில் தேடியது அதுதான்.

அவன் பெரியப்பா மகனுடைய விரலைத்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான்.

நான் அங்கே வரட்டுமா? தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் ஒரு நாள்தான் என்று கருணாகரன் சொல்கிறான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வராந்தாவிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் வயதாகிவிட்டது. “நாஞ் சிரிக்காம இருந்திருந்தா குடுத்திருப்பீங்களாண்ணா?” என்று கேட்டான். தெரியலை என்றேன். அந்தச் சரிவில் ஒரு முறை நின்றுவிட்டு வந்துவிடுகிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன்.

சில்வஸ்டர்

*

வெள்ளைமலைத் தோட்டம்,
25 ஏப்ரல் 1931

அண்ணா,

வர வேண்டாம். உங்களை நேரில் பார்க்க என்னால் ஆகாது. பார்த்தால் பேசிவிடுவேன், பேசினால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. நமக்குக் கடல் நடுவில் இருப்பது நல்லது.

எழுதுங்கள். எழுதினால் கிழிக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை கல்லறையில் புல் கொத்தினேன். மண்வெட்டியோடு ஒரு மொட்டைவால் வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை வந்திருக்கும், பார்த்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். அன்று மூடவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். மூக்கு ஆணி போலக் கூர். வால் உளியால் வெட்டியது போலத் தட்டை, வெட்டிய இடம் அரம் போலச் சொரசொரப்பு, அதில் மண் ஒட்டியிருந்தது. என் விரலைச் சுற்றிக்கொண்டது, கடிக்கவில்லை. பிறகு விட்டுவிட்டேன். வாலால் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

அவன் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம், நான் கேட்கவில்லை. அவனுக்கு எழுதுங்கள். படித்துக் காட்ட நான் இருக்கிறேன்.

பியாட்ரிஸ்

*

சேசு மரி சூசை துணை

மூங்கில்மேடு எஸ்டேட்,
10 மே 1931, ஞாயிறு

அன்புள்ள ஜஸ்டசுக்கு மாமா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது. நீ அம்மாவிடம் சொன்னபடியேதான். யாராவது படிக்க வேண்டும், யாராவது எழுத வேண்டும். அந்த யாராவதாக நானே ஆவதற்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

மொட்டைவாலுக்கு வருகிறேன். உன் படத்தையும் அம்மா எழுதியதையும் வைத்துக்கொண்டு, இங்கே கொத்தின காட்டில் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்து வேகவைத்தேன். துரை போன பிறகு அடுப்பில் அந்தச் சட்டியை வைப்பது இதுதான் முதல் முறை. கண் முன்போல இல்லை, ஆனால் விரலுக்குத் தெரிகிறது.

முதலில் ஒரு ஏமாற்றுக்காரனைப் பற்றிச் சொல்கிறேன். கெத்தைப் பக்கம் ஓடையோரச் சேற்றில் இன்னொன்று இருக்கிறது. அதே நீளம், கால் இல்லை, கண் இருக்கும் இடமே தெரியாது. பார்த்தால் மொட்டைவாலுக்கு உடன்பிறப்பு என்று அடித்துச் சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். தலையோட்டைச் சுத்தம் செய்து பின்பக்கம் தடவிப் பார்த்தேன். கழுத்தெலும்பு வந்து சேரும் இடத்தில் பாம்புக்கு ஒரு குமிழ்தான் இருக்கும். இதற்கு இரண்டு குமிழ், தவளைக்கு இருப்பது போல. தோலும் தவளைத் தோல், ஈரம், வழுவழுப்பு. அது பாம்பே இல்லை, ராசா. தவளை வீட்டுச் சொந்தம். மண்ணுக்குள் குடியிருந்து குடியிருந்து, மண்ணுக்குத் தோதான உருவம் இரண்டுக்கும் வந்துவிட்டது. நம் லைன் வீடுகளில் எல்லாரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரே மாதிரி குனிந்து நடக்கிறோமே, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் அண்ணன் தம்பி போலத்தான் இருப்போம். அது பக்கத்து வீட்டுக்காரன் முறை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

உன் மொட்டைவால் அப்படி இல்லை. என்னுடையதன் வாலில் அந்த அரம் இல்லை, சரிவாக வெட்டியது போலச் செதில் மட்டும். மூக்கும் உன்னுடையது அளவுக்குக் கூர் இல்லை. வெளியில் வேறுபாடுதான். உன்னுடையதை நான் வேகவைத்துப் பார்க்கவில்லை. துரையிடம் கண்டியிலிருந்து வந்த ஒன்று இருந்தது. அதன் தலையோட்டை நான்தான் சுத்தம் செய்தேன். அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது இதைத் தடவும்போது விரலுக்கு அது நினைவு வருகிறது. அதே குமிழ், அதே நீண்ட கழுத்து, மண்ணைத் தலையால் முட்டித் திறக்கும் அதே மூட்டு. ஒன்றேதானா என்றால் இல்லை. அந்நியமா என்றால் அதுவும் இல்லை. அக்கா தங்கை பிள்ளைகள் முறை. அட்டை எழுதினால் அப்படியே எழுது.

எப்படிக் கடல் தாண்டியது என்று கேட்டாய். அது தாண்டவே இல்லை. கடல்தான் அதைத் தாண்டி வந்தது. முன்னொரு காலத்தில் இங்கேயும் அங்கேயும் ஒரே தரையாக இருந்தது என்று துரை சொல்வார். அந்தக் காலத்துக் கிழவி மொட்டைவால் ஒன்றின் பிள்ளைகள் இந்த மலையிலும் இருந்தன, அந்த மலையிலும் இருந்தன. நடுவில் தண்ணீர் வந்தது. அவை மண்ணுக்குள் இருந்தன, அவற்றுக்கு அது தெரியவும் இல்லை. அந்தப் பக்கத்து மண்ணுக்குத் தக்கபடி அதன் வால் மாறியது, இந்தப் பக்கத்து மண்ணுக்குத் தக்கபடி இதன் வால். சர்வேசுரன் ஒன்றைச் செய்துவிட்டு, இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொள் என்று விட்டிருப்பார் போல. சாமியாருக்கு இது பிடிக்காது. நீ கவலைப்படாதே. அன்று நான் சிரித்ததுதான் தப்பு, நீ எண்ணியது தப்பில்லை.

நீர்நாய்க் கை என் தலைமாட்டில் இருக்கிறது. குறையும் இடத்தில் கம்பியைச் சும்மா வளைத்து விட்டிருக்கிறேன். இனி அந்த எலும்பைத் தேட மாட்டேன். உன் அட்டையைக் கழற்றவில்லை. நீ எழுதியதற்குக் கீழே இடம் இருந்தது, நேற்று ஒரு வரி சேர்த்தேன். ‘ஓர் எலும்பு ஜஸ்டஸிடம் இருக்கிறது.’ எழுத்து உன்னுடையது போல நேராக வரவில்லை.

அம்மா இதைப் படிக்கும்போது எங்காவது நிறுத்தினால் அவசரப்படுத்தாதே. என் கோணல் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருப்பாள்.

வௌவாலை நீ என்ன முறை என்று எழுதி வைத்தாய் என்று தெரியவில்லை. அந்த அட்டை டின்னில் அகப்படவில்லை, இன்னும் பாதி அட்டைகள் நான் படிக்காமல் இருக்கின்றன. தேடிப் படித்துவிட்டுத்தான் அதைப் பற்றி எழுத வேண்டும். தாளும் முடிந்துவிட்டது. நான் மெதுவாகத்தான் எழுதுவேன், உனக்கும் அங்கே அவசரம் ஒன்றும் இல்லையே. வருகிற ஞாயிறு மத்தியானம் டீச்சர் வகுப்பு முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். வௌவாலின் விரல்கள் ஏன் அவ்வளவு நீளம் என்று அன்று உனக்கு எழுதுகிறேன்.

உன் மாமா
சில்வஸ்டர்